பிபிடி நல்லா போடுவீங்க, சரி... கொல்லிமலையில் மெஷினை விளக்க முடியுமா?

இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு கம்யூனிகேஷன் லேப் ஞாபகம் இருக்கும். ‘மொபைல் போன் நல்லதா, கெட்டதா?’ என்று ஒரு குரூப் டிஸ்கஷன். இல்லாத கம்பெனிக்கு ஒரு கடிதம், நடக்காத மீட்டிங்குக்கு மினிட்ஸ். அந்தக் கடிதத்துக்காக யாருமே காத்திருக்கவில்லை என்பது எழுதுபவருக்கும் தெரியும், மார்க் போடுபவருக்கும் தெரியும்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவதுதான் சர்வீஸ் லேர்னிங். தமிழில், சேவைவழிக் கற்றல்.

அப்படின்னா என்.எஸ்.எஸ். மாதிரியா?

இல்லை. 1969ல் தொடங்கப்பட்ட என்.எஸ்.எஸ். நல்ல திட்டம்தான். ஆனா முகாமில் செய்யும் வேலைக்கும் வகுப்பில் படிக்கும் பாடத்துக்கும் பெரும்பாலும் தொடர்பு இருக்காது. சேவைவழிக் கற்றலில் அந்த வேலையே பாடம். ஒரு ஊருக்கோ அமைப்புக்கோ நிஜமாகவே தேவைப்படும் ஒன்றை மாணவர்கள் செய்து தர வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1995ல் ‘எபிக்ஸ்’ என்ற பெயரில் இதைப் பொறியியல் படிப்புக்குள் கொண்டுவந்தது. இங்கே 2014ல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் மூலம் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. அம்ருதா பல்கலைக்கழகத்தின் ‘லிவ் இன் லேப்ஸ்’ திட்டத்தில் மாணவர்கள் கிராமத்திலேயே போய்த் தங்குகிறார்கள்.

இதில் கம்யூனிகேஷன் எங்கே வருது?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் வளப்பூர் நாட்டை எடுத்துக்கொள்வோம். அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கும் பகுதி. இந்த மலையின் பழங்குடிகளுக்கு ‘மலையாளி’ என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள். இதுகூடத் தெரியாமல் மலையேறினால் முதல் நிமிஷத்திலேயே ஃபெயில்.

சாமை, தினை, பனிவரகு எல்லாம் விளைந்த மலை இது. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பல வயல்களைப் பிடித்துக்கொண்டது. காசு ஒரு காரணம். இன்னொரு காரணம், உமி நீக்கும் பாடு. சாமையை உரலில் இட்டு உலக்கையால் குத்தி அரிசியாக்குவது பெண்களின் இடுப்பை ஒடிக்கும் வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்து இங்கே வேலை செய்தபோது, சுய உதவிக் குழுக்களிடம் அரவை எந்திரங்களைக் கொடுத்ததற்குக் காரணமும் இதுதான்.

அப்படி ஒரு எந்திரத்துக்கு இயக்கக் குறிப்பு எழுதும் வேலையை ஒரு மாணவர் குழுவிடம் கொடுத்தால்? ‘ஈரப்பதத்தைக் கருவியால் அளந்த பிறகே போடவும்’ என்று பாடப்புத்தக நடையில் எழுதுவார்கள். குடிசை வாசலில் அந்தக் கருவி ஏது? தானியத்தைப் பல்லில் கடித்துப் பார்த்தே காய்ச்சலைச் சொல்வது நம்மூர் விவசாயிகளின் பழக்கம். குறிப்பில் அதைத்தான் எழுத வேண்டும். ஆனா அதற்கு முன்னாடி ஓட்டப்போகிற அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

‘பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றவும்’ என்ற வரி இன்னும் மோசம். ஓடுகிற பெல்ட்டில் முந்தானை சிக்கினால் என்ன ஆகும் என்பதை அது சொல்வதே இல்லை. ‘முந்தானையை இழுத்துச் செருகிட்டு, கூந்தலை முடிஞ்சுட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்க’ என்று எழுதினால் ஒருத்தருடைய கை தப்பிக்கும். இங்கே தப்பான வாக்கியத்துக்குப் போவது மார்க் இல்லை.

அதே எந்திரத்துக்கு மும்முனை மின் இணைப்பு கேட்டு மின்வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம், கடன் கேட்டு வங்கிக்கு ஒரு திட்ட அறிக்கை எழுத வேண்டியிருக்கலாம். விஷயம் ஒன்றுதான், படிக்கிறவர்கள் மூன்று பேர். வேலைக்குப் போன பிறகு கிளையன்ட்டுக்கு ஒரு மெயில், மேனேஜருக்கு ஒரு மெயில் என்று நாம் தடுமாறும் இடமும் இதுவேதான்.

ஊருக்கு என்ன கிடைக்குது?

இதைக் கேட்காமல் விட முடியாது. அன்றைய வேலையை விட்டுவிட்டு ஒருவர் நம் சர்வேக்குப் பதில் சொல்கிறார். அறிக்கை ஆங்கிலத்தில் பைண்டிங் ஆகி கல்லூரி நூலகத்துக்குப் போகிறது. செமஸ்டர் முடிகிறது, குழு கலைகிறது. எந்திரத்தின் பெல்ட் அதற்கு அடுத்த மாதம் அறுகிறது. உதிரிபாகத்துக்காகக் காரவள்ளி அடிவாரம் வரை இறங்க வேண்டியிருந்தால், 70 கொண்டை ஊசி வளைவுகள்.

என்னைக் கேட்டால், மதிப்பெண்ணில் பாதியைத் திரும்பிப் போவதற்கு வைக்கலாம். எழுதியதைத் தமிழில் ஊரிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு மாணவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்க, அந்தக் குறிப்பை மட்டும் வைத்து அக்கா எந்திரத்தை ஓட்ட வேண்டும். அவர் எங்கே நிறுத்தி ‘இது என்ன தம்பி?’ என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்தணும். கடைசிப் பக்கத்தில், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பெயரும் போன் நம்பரும். அடுத்த பேட்ச் வந்ததும் அதை மாற்றி எழுத, கீழே கொஞ்சம் காலி இடமும்.