நெல்லு நனைஞ்சா மூணு நாள்தான் கணக்கு!



நான் மதுரை செல்லூரில் வாக்கப்பட்டவள். பிறந்த வீடு மேலூர் பக்கம். அங்கே அண்ணன் இரண்டு ஏக்கர் நெல் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிக் காலம் தப்பிப் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வயலில் ஈரம் இருந்ததால் மிஷின் இறங்கவில்லை. ஆள் விட்டு அறுத்து, கதிரை வயலிலேயே காயப் போட்டிருந்தார் அண்ணன். விடாத மழையில் அரி அரியாக நனைந்து, நெல் முளை விட்டுவிட்டது.

பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டிய ரசீது வீட்டில்தான் இருந்தது. "அண்ணே, உடனே போய்ச் சொல்லுங்க"ன்னு போனில் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா எந்த ஆபீஸுத்தா தொறந்திருக்கும்? பொங்கல் முடியட்டும்"னு சொல்லிவிட்டார். மாட்டுப் பொங்கலும் கழிந்து ஐந்தாம் நாள் போனால், "72 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணுமே" என்று கையை விரித்துவிட்டார்கள்.

பக்கத்து வயல் குத்தகைக்கு எடுத்த ஒரு அக்கா. கணவர் இல்லை. அவரோட மகள் மழை பெய்த அன்று சாயங்காலமே போன் போட்டுப் பதிவு பண்ணியிருந்தாள். ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள். பணம் வர மாசக்கணக்கானாலும் வந்து சேர்ந்தது. எங்க மதினியின் சங்கிலியோ உரத்துக்காக அடகுக்குப் போனது போனதுதான். மறுவருஷம் பசுவையும் கன்றையும் விற்றுத்தான் திருப்பினோம்.

அதற்குப் பிறகு நாலு இடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்தான் நம் பங்கு. பருத்தி மாதிரிப் பணப்பயிருக்கு ஐந்து ரூபாய். மீதியை அரசுகள் போடுகின்றன. முன்பெல்லாம் பயிர்க்கடன் வாங்கினால் காப்பீடு கட்டாயம். 2020-லிருந்து விருப்பப்பட்டால்தான். அதனால் 'பேங்க்ல பிடிச்சிருப்பாங்க' என்று சும்மா இருந்துவிடாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். குத்தகைக்காரர்களும் சேரலாம்.

நிற்கிற பயிர் போனால் பெரும்பாலும் தனித்தனி வயலைப் பார்த்துப் பணம் தருவதில்லை. அந்தப் பகுதியில் சில வயல்களில் மாதிரி அறுவடை செய்து, முந்தைய வருஷங்களின் மகசூலோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் அங்கே காப்பீடு செய்த எல்லோருக்கும் கிடைக்கும். அதனால்தான் நம் வயல் மட்டும் போனால் ஒன்றும் வராமல் போவதுண்டு. இது தெரியாமல் பலர் ஏமாந்ததாக நினைக்கிறார்கள்.

அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் 14 நாளைக்குள் மழையில் கெட்டால் கணக்கு வேறு. அந்தப் பருவத்து அறிவிப்பில் இந்தப் பாதுகாப்பையும் சேர்த்திருந்தால் நம் வயலையே வந்து பார்ப்பார்கள். ஆனால் 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். பண்டிகை, லீவு என்று காத்திருக்காதீர்கள். இப்போது 14447 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நனைந்த கதிரை அள்ளுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

பணம் கட்டும்போது சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் கேட்பார்கள். ரசீதை வாங்கியதும் சர்வே எண், ஏக்கர், பயிர், கணக்கு எண் எல்லாம் சரியா என்று அங்கேயே பாருங்கள். ஒரு எண் மாறினாலும் அலைச்சல்தான். அரசு தரும் வெள்ள நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டு போனால் இன்சூரன்ஸுக்கும் சொன்னதாக ஆகாது.

மாடு இன்சூர் செய்திருப்பவர்கள் காதுத் தோட்டைக் கவனியுங்கள். அது விழுந்துவிட்டால் உடனே சொல்லி மறுதோடு போட வேண்டும். மாடு இறந்தால் கால்நடை டாக்டர் பார்த்துச் சான்று தருமுன் புதைத்துவிடக் கூடாது. தோடு இல்லையென்றால் பணம் இல்லை.

மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்த சின்னப்பிள்ளை அம்மா களஞ்சியம் குழுக்களை நடத்தி, 2001-ல் ஸ்திரீ சக்தி விருதும் 2019-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். அதிகம் படிக்காதவர் அவ்வளவு செய்யும்போது, ஒரு ரசீதைப் பத்திரப்படுத்த நம்மால் முடியாதா?

இப்போது எங்க மதினி ஒரு மஞ்சப்பையில் எல்லாக் காகிதத்தையும் போட்டு அரிசிப் பானைக்கு மேலே மாட்டியிருக்கிறார். போன மாசம் போயிருந்தபோது, "இனிமே ஒங்கண்ணன் பொங்கலக் கொண்டாடட்டும்த்தா, போன நான் போட்டுக்கிறேன்" என்று சிரித்தார். உங்கள் வீட்டுப் பை எங்கே இருக்கிறது? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், சகோதரிகளே.

— ஒரு வாசகி, செல்லூர், மதுரை