தோற்றவரும் திரும்பி வர வேண்டும்

வீடியோ விளையாட்டு என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பது இயல்பே. ஆயினும் அவற்றுள் ஒருவகை, சதுரங்கத்தைப் போலச் சிந்தனைக்கு வேலை தருவது. 1992ஆம் ஆண்டு வெளிவந்த 'டியூன் 2' என்னும் ஆட்டம் இவ்வகைக்கு வடிவம் கொடுத்தது. பொருள் சேர்க்க வேண்டும். கட்டடங்கள் எழுப்ப வேண்டும். படை திரட்டி எதிரியின் பாசறையை வீழ்த்த வேண்டும். சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இங்கோ காத்திருப்பு என்பதே இல்லை. இருவரும் எல்லா வேலைகளையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருக்க வேண்டும். 1998இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' தென்கொரியாவில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் அளவுக்குப் புகழ் பெற்றது. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் நிமிடத்திற்கு 300க்கும் மேற்பட்ட கட்டளைகளைத் தட்டுவார் என்றால் அதன் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்களேன்!

இந்த வேகமே இவ்வகை ஆட்டங்களுக்கு வினையாகவும் முடிந்தது. படிப்பும் வீட்டு வேலையும் முடித்து, வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஆட வருபவரைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். எதிரே இருப்பவர் பல மாதங்கள் பழகியவர். பத்தே நிமிடத்தில் நம்மவரின் பாசறை தரைமட்டமாகிறது. எதனால் தோற்றோம் என்பதுகூடப் புரிவதில்லை. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் அவர் மறுபடியும் வரமாட்டார். புதியவர் வராத ஆட்டத்தில் பழையவர்க்கும் நாளடைவில் எதிராளி கிடைக்கமாட்டார். ஆகவே இது வல்லவர்களுக்கும் வாழ்வா சாவா என்னும் கேள்விதான்.

"ஆட்டத்தை எளிதாக்கிவிட்டால் போயிற்று" என்று நமக்குத் தோன்றலாம். எதை எளிதாக்குவது, எதை விட்டுவைப்பது என்று பிரித்தறிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1999இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் உணவு தருபவை வயல்கள். ஒரு வயலின் விளைச்சல் தீர்ந்ததும் ஆட்டக்காரரே அங்கே போய் மறுபடியும் விதைக்கச் சொல்ல வேண்டும். போர்முனையில் கண் வைத்திருக்கும் வேளையில் இருபது உழவர்களும் கைகட்டி நின்றால் என்ன செய்வது? 2000இல் வந்த விரிவாக்கத்தில், ஆலையில் முன்கூட்டியே மரத்தைச் செலுத்தி விதைப்புகளை வரிசையாகப் பதிந்துவைக்க வழி செய்தார்கள். 2019இல் வந்த புதுப்பதிப்பிலோ, ஒரு பொத்தானை அழுத்திவிட்டால் வயல்கள் தாமாகவே விதைப்பாகின்றன. அதற்குரிய மரம் மட்டும் கழிந்துகொண்டிருக்கும்.

எத்தனை வயல்கள் வேண்டும், உள்ள மரத்தை வயலுக்குச் செலவிடுவதா வில்லாளருக்குச் செலவிடுவதா என்னும் முடிவுகள் இன்னும் ஆட்டக்காரரிடமே இருக்கின்றன. குறைந்தது கையின் உழைப்பேயன்றி மூளையின் உழைப்பன்று. கைவேகமும் ஒரு திறமைதானே என்பார் உண்டு. உண்மைதான். ஆனால் விதைக்க மறந்ததால் தோற்றவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. தவறாகத் திட்டமிட்டுத் தோற்றவர் கற்றுக்கொள்கிறார்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2010இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட் 2' ஆட்டம் 6 பணியாளர்களுடன் தொடங்கியது. 2015இல் அதை 12 ஆக்கினார்கள். தொடக்கத்தில் இருந்த சலிப்பு நீங்கியது. கூடவே புதியவர் மூச்சுவிடும் நேரமும் போயிற்று!

அடுத்து, யாரை யாருடன் மோதவிடுவது என்னும் சிக்கல். இதற்கு விடை சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அர்பாத் எலோ என்பவர், இயேசு சபையினரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். ஆட்டக்காரரின் திறமையை எண்ணால் குறிக்கும் அவரது முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றுக்கொண்டன. 200 புள்ளிகள் கூடுதலாக உள்ளவர் நூற்றுக்கு ஏறக்குறைய 76 பங்கு வெல்வார் என்பது அதன் கணக்கு. வலியவரை வென்றால் நிறையப் புள்ளி. எளியவரை வென்றால் சிறிதே. இம்முறையாலும் இதன் வழிவந்த முறைகளாலும் இன்று கணினியே சமமானவர்களைத் தேடி இணைத்துவிடுகிறது. (திறமைசாலிகள் சிலர் புதுப் பெயரில் நுழைந்து புதியவர்களை வீழ்த்தி மகிழ்வதும் உண்டு. அது வீரமாகாது.)

ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. இணை சரியாக அமைந்தால் பத்து ஆட்டத்தில் ஐந்து தோல்வி நிச்சயம். நாம் தேறத் தேற எதிராளியும் தேறியவராகவே வருவார். மாணவி முன்னேறும் அளவுக்கு வினாத்தாளும் கடினமாகிக்கொண்டே போனால் மதிப்பெண் பட்டியலில் என்ன தெரியும்? ஆகவே வளர்ச்சியைக் காட்ட வேறு கண்ணாடி தேவைப்படுகிறது. முடிந்த ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கும் வசதி அவற்றுள் ஒன்று. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' புதுப்பதிப்பில் சிறு சிறு பயிற்சிப் பாடங்கள் வைத்து, வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் பதக்கம் தருகிறார்கள். அங்கே அவமானப்படுத்த யாருமில்லை.

எல்லாரும் ஒருவரையொருவர் வெல்லத்தான் வருகிறார்கள் என்று நினைப்பதும் பிழை. 'ஸ்டார்கிராஃப்ட் 2'இல் 2015 முதல் இருவர் தோழர்களாகச் சேர்ந்து கணினியை எதிர்க்கலாம். இருவர் ஒரே படையைப் பகிர்ந்து நடத்தும் முறையும் அப்போதே வந்தது. அக்கா கட்டடங்களைக் கவனிக்க, தங்கை படையை நடத்தலாம். தனியாக ஆட விரும்புவோர்க்குக் கதைப்போக்கில் அமைந்த படையெடுப்புகள் உள்ளன. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்துக்கு 2022இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் இராசேந்திர சோழனின் படையெடுப்பே ஒரு கதையாக இருக்கிறது. கடினத்தின் அளவை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம்.

தினமும் வந்து போனால் பரிசு, உள்ளே இருப்பது தெரியாத பெட்டியைக் காசு கொடுத்து வாங்கு என்று இழுப்பவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய பெட்டிகளைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. இதை ஈர்ப்பு என்று நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

கீழை நாடுகளில் ஆடப்படும் 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில், வல்லவர் தம் எதிராளிக்கு இரண்டு முதல் ஒன்பது கற்கள் வரை முன்கூட்டியே வைக்க விட்டுக்கொடுப்பார். அதன் பிறகு இருவருமே முழு மூச்சாக ஆடலாம். 2002இல் வந்த 'வார்கிராஃப்ட் 3'இலும் இதுபோல் ஓர் ஏற்பாடு உண்டு. வல்லவரின் படைகளுக்கு உள்ள உயிர்வலிமையைப் பாதிவரை குறைத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் ஆடிய தந்தையும் நேற்றுக் கற்ற மகளும் ஒரே மேசையில் மெய்யாகவே போட்டியிட இதைவிடச் சிறந்த வழி நமக்குத் தெரியவில்லை. அவ்வசதியோ ஆட்டம் தொடங்குமுன் வரும் பட்டியலின் ஒரு மூலையில், பலர் கண்ணில் படாமலே கிடக்கிறது.