தட்டினால் ஓடும் கம்ப்யூட்டர்

1980ல் ஆப்பிள் III என்றொரு கம்ப்யூட்டர் வந்தது. அதில் சிப்புகள் சாக்கெட்டில் சரியாக உட்காராமல் தகராறு செய்தன. அப்போது சொல்லப்பட்ட வைத்தியம் என்ன தெரியுமா? சில அங்குலம் தூக்கி, மேசைமேல் பொத்தென்று போடுங்கள்! பழைய டிவி தலையில் நாம் தட்டின மாதிரிதான். சிரிப்பு வந்தாலும், பல நேரம் அது வேலை செய்தது. ஏன்?

அந்தக் காலத்து போர்டுகளில் பல சிப்புகளை சால்டர் செய்யாமல் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். 1981ல் வந்த ஐபிஎம் பிசியில் மெமரி சிப்புகள் நான்கு வரிசை, வரிசைக்கு 9. முதல் வரிசை மட்டும் சால்டர், மற்ற மூன்றும் சாக்கெட். அதாவது 27 சிப், தலா 16 கால். மொத்தம் 432 தொடர்புகள். ஒன்று கைவிட்டாலே போதும், 201 என்ற பிழை எண் திரையில் வந்து நிற்கலாம்.

மெஷின் ஓடும்போது சூடேறி விரிகிறது, அணைத்தால் ஆறிச் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் சிப்பின் கால் மயிரிழை நகரும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் சிப் மெல்ல மேலே எழும்பிவிடும். கூடவே, அந்த உராய்வில் வெள்ளீயப் பூச்சின்மேல் ஆக்சைடு படியும். அது மின்சாரத்தை விடாது. தட்டும்போது கால் கொஞ்சம் நகர்ந்து புது இடத்தைத் தொடுகிறது. அவ்வளவுதான். நோய் அப்படியே இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னிடமிருந்த பழைய மெஷினில் மெமரி பிழை. சிப் போயிடுச்சு என்று முடிவுகட்டி, வேறு வாங்கி மாற்றினேன். ஓடியது! இரண்டே வாரத்தில் மறுபடி அதே பிழை. கழற்றிப்போட்ட சிப் நல்ல சிப்தான். புதுசைச் செருகியபோது ஆக்சைடு சுரண்டப்பட்டதால்தான் ஓடியிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து சரியான பக், சரியான பக் இல்லை என்று ஆபீஸில் எல்லோருக்கும் சொல்கிறவன் நான்!

இப்போது என் வரிசை இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு சிப்பையும் மெதுவாக அழுத்திப் பார்ப்பேன். பிழை மாறினால் சந்தேகம் சாக்கெட்மேல். சிப் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டு முனையையும் மாற்றி மாற்றி நெம்பி எடுத்து, கால்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைப்பேன். உப்புத்தாள் வேண்டாம், பூச்சே போய்விடும். சாக்கெட்டின் பிடி தளர்ந்திருந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டியதுதான். சாக்கெட் நன்றாக இருந்தும் பிழை போகவில்லையா? போர்டின் அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்னைச் சுற்றி மோதிரம்போல் விரிசல் தெரிந்தால், பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃப்ளக்ஸ் தடவிப் புதிதாக வைக்க வேண்டும். பவர் சப்ளை, மானிட்டர் உள்ளே மட்டும் கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே ஷாக் அடிக்கும்.

ஓடியதும் உடனே மூடியை மாட்டிவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடட்டும், ஆறட்டும், மறுபடி ஓடட்டும். பத்து நாள் இதைத் தாண்டினால், அப்போது ஸ்க்ரூவை முடுக்கலாம்.