கர்ளன் ஹஸனா: திரும்பி வரும் பணமே அடுத்தவருக்கு உதவி



வட்டி ஹராம் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், அடகு வைக்க நகையும் இல்லாத ஏழை ஒரு தொழில் தொடங்க என்ன வழி? பாகிஸ்தானில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்.

2001ஆம் ஆண்டு லாகூரில் ஒரு விதவைத் தாய், "தர்மம் வேண்டாம், வட்டியில்லாத கடன் போதும்" என்று கேட்டார். அரசு அதிகாரியாக இருந்த டாக்டர் அம்ஜத் ஸாகிபும் அவருடைய நண்பர்களும் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தத் தாய் தையல் வேலை செய்து முழுத்தொகையையும் திருப்பித் தந்தார். அதே பணம் இன்னொருவருக்குப் போனது. இப்படிப் பிறந்ததுதான் 'அகூவத்' அமைப்பு. முஹாஜிர்களை மதீனாவின் அன்ஸாரிகள் அரவணைத்த சகோதரத்துவத்தை நினைத்து வைத்த பெயர் அது.

கடன் கேட்பவரின் வீட்டையும் தொழிலையும் அமைப்பினர் நேரில் பார்க்கிறார்கள். அடமானம் கேட்பதில்லை, தெரிந்தவர்களின் ஜாமீன் போதும். பணத்தைப் பள்ளிவாசலில் வைத்து, எல்லோர் முன்னிலையிலும் கொடுக்கிறார்கள். தேவாலயங்களிலும் கொடுப்பதுண்டு, எந்த மதத்தவரும் வாங்கலாம். சிறு தவணைகளில் அசலை மட்டும் கட்டினால் போதும். அலுவலகங்களில் ஆடம்பரம் கிடையாது. கடன் வாங்கி முன்னேறியவர்களே பிறகு தம்மால் இயன்றதை நன்கொடையாகத் தருகிறார்கள்.

2021இல் டாக்டர் ஸாகிபுக்கு மகசேசே விருது கிடைத்தபோது, சுமார் 30 லட்சம் குடும்பங்கள் பயனடைந்திருந்தன. கொடுத்த கடன் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்திருந்தது. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

ஸதகா கொடுத்தால் திரும்பாது; திரும்பவும் வேண்டியதில்லை. கர்ளன் ஹஸனா அப்படியல்ல. அது திரும்பி வரவேண்டிய அமானிதம். வட்டியில்லைதானே, மெதுவாகக் கொடுக்கலாம் என்று வசதியுள்ளவர் தள்ளிப்போட்டால், நஷ்டம் கொடுத்தவருக்கு மட்டுமல்ல. வரிசையில் காத்திருக்கும் இன்னொரு தாய் வட்டிக்காரரிடம் போக நேரிடும்.

உண்மையிலேயே சிரமப்படுபவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயம் 280ஆம் வசனம் சொல்கிறது. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் இருக்கிறார்கள். ஆகவே கஷ்டம் வந்தால் ஒளிய வேண்டாம். கடன் தந்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறவினருக்குள் கொடுக்கும் சிறு கடனையும் எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் குர்ஆன் காட்டிய வழிதான்.

கடனைத் திருப்பித் தருபவரும் ஒருவகையில் கொடையாளியே. அந்தப் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. ஆமீன்.