விவசாயக் குடும்பம் சௌகரியமாய் வாழ எவ்வளவு வருமானம் வேண்டும்?

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது நம் நாட்டில் நெடுங்காலமாய் வழங்கும் பழமொழி. உழவுத் தொழிலின் கஷ்டத்தை அது நன்கு எடுத்துக்காட்டுகிறது. ஆயினும் அதனைக் கணக்கே வேண்டாமென்னும் உபதேசமாகக் கொள்வோர் பலர். மிஞ்சாது எனத் தெரிந்திருந்தும் எவ்வளவு மிஞ்சவில்லை, எதனால் மிஞ்சவில்லை என்பதை அறியாதிருப்பதே கடனுக்கு முதற்காரணமாகின்றது. ஆகையால் ஒரு குடும்பம் சௌகரியமாய்க் காலங்கழிக்க மாதம் ஒன்றுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்பதையும், கடலூர், சிதம்பரம் பக்கத்து நிலங்கள் அதில் எவ்வளவு தரக்கூடும் என்பதையும் இங்கு ஆராய்வோம்.

சௌகரியம் என்பது யாது?

பசியின்றி உயிர் வாழ்வது வேறு. சௌகரியமாய் வாழ்வது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய முயன்றவர்களில் தாதாபாய் நௌரோஜி முற்பட்டவர். அவர் 1870-ஆம் ஆண்டுகளில் இந்தியரின் தலைவீத வருமானம் வருஷத்திற்கு 20 ரூபாயெனக் கணக்கிட்டு, சிறைச்சாலைக் கைதிக்கு ஆகும் உணவு, உடைச் செலவோடு அதனை ஒப்பிட்டுக் காட்டினார். கைதிக்குக் கிடைக்கும் அளவுகூட உழைக்கும் குடிமகனுக்குக் கிடைக்கவில்லை என்பதே அவர் கண்ட முடிவு.

பிற்காலத்தில் அரசாங்கத்தார் வறுமைக் கோடு என்னும் ஓர் அளவை ஏற்படுத்தினர். 2014-இல் ரங்கராஜன் குழுவினர் கூறியபடி, 2011–12 விலைவாசியில் கிராமத்திலுள்ள ஐவர் அடங்கிய குடும்பத்திற்கு அவ்வளவு மாதம் 4,860 ரூபாய். இது வறியவர் யாரென எண்ணுவதற்கு ஏற்பட்ட கோடேயன்றிச் சுகவாழ்வின் அளவன்று.

சௌகரியம் என்பதை ஐந்து குறிகளால் அறியலாம். வருஷம் முழுவதும் அரைவயிறின்றி உண்ணுதல் ஒன்று. மழைக்கு ஒழுகாத வீடு ஒன்று. பிள்ளைகளின் படிப்பு பணமின்மையால் நில்லாமை ஒன்று. நோய் வந்தவிடத்து நகையை அடகு வைக்காமல் வைத்தியம் செய்துகொள்ளுதல் ஒன்று. ஒரு போகம் பொய்த்தாலும் மறு போகத்திற்கு நிலத்தை விற்காமலிருத்தல் ஒன்று. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே விவசாயிக்கு மிகவும் இன்றியமையாதது. மாதச் சம்பளக்காரருக்கு அக்கவலை இல்லை.

ஓர் உதாரணக் கணக்கு

கணவன், மனைவி, படிக்கும் பிள்ளைகள் இருவர், முதிய தாய் ஆகிய ஐவர் அடங்கிய குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்க. சொந்த வீடு உண்டு, வாடகை இல்லை. அக்குடும்பத்தின் மாதச் செலவு கீழ்க்கண்டவாறு இருக்கலாம்.

உணவு — 9,500 ரூபாய்
எரிவாயு, மின்சாரம், தொலைபேசி — 1,600
துணிமணி, சோப்பு முதலியன — 1,800
பிள்ளைகளின் கல்வி — 3,000
வைத்தியம் — 1,500
போக்குவரத்து — 1,600
வீடு பழுது பார்த்தல் — 1,500
திருவிழா, கல்யாணம், மொய் — 1,500
ஆபத்துக் கால நிதி — 4,000
மொத்தம் — 26,000 ரூபாய்

இத்தொகைகள் உதாரணத்தின் பொருட்டே கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு குடும்பத்தாரும் தத்தம் ஊர் விலைக்கும் வீட்டு நிலைமைக்கும் தக்கபடி இவற்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். எனினும் இக்கணக்கு மிகையானதன்று. நிதியாக ஒதுக்கிய 4,000 ரூபாயை நீக்கினால் மிகுவது 22,000. அதாவது தலைக்கு 4,400. மத்திய அரசின் 2022–23-ஆம் வருஷத்துக் குடும்பச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களின் சராசரி மாதச் செலவு தலைக்கு 5,310 ரூபாயாக இருந்தது. ஆகவே மேற்கண்ட குடும்பம் சராசரிக்குக் குறைவாகவே செலவிடுகிறது.

இதனை மற்றொரு விதமாகவும் சோதிக்கலாம். எர்னஸ்ட் எங்கல் என்னும் ஜெர்மானியப் புள்ளிவிவர நிபுணர் 1857-இல் ஒரு விதியைக் கூறினார். வருமானம் குறையக் குறையச் செலவில் உணவின் பங்கு ஏறும். வருமானம் உயர உயர அப்பங்கு இறங்கும் என்பதே அது. இந்தியக் கிராமங்களில் அப்பங்கு 1999–2000-இல் நூற்றுக்கு 59 ஆக இருந்து, 2022–23-இல் நூற்றுக்கு 46 ஆக இறங்கியது. மேற்கண்ட கணக்கில் அது நூற்றுக்கு 43. ஒரு வீட்டில் உணவின் பங்கு 60-க்கு மேற்பட்டிருக்குமாயின், அவ்வீட்டில் கல்வியோ வைத்தியமோ பின்தள்ளப்படுகிறதென்று அறியலாம்.

நிலம் எவ்வளவு தரும்?

வருஷத்திற்கு வேண்டிய தொகை 3,12,000 ரூபாய் என ஏற்பட்டது. இனி வரவைப் பார்ப்போம். கொள்ளிடம் கீழணையிலிருந்து வடவாறு வழியே நீர் பெறும் வீராணம் ஏரிப் பாசனத்திலும், அதற்குக் கீழ்ப்பட்ட சிதம்பரம் பக்கத்து வயல்களிலும் சம்பா நெல்லே பிரதானப் பயிர். அங்கே மூன்று ஏக்கர் சொந்த நிலம் உள்ள குடியானவரைக் கருதுக. ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டுமுதல் எனவும், விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் எனவும் கொண்டால் வரவு 50,000 ரூபாய். 2025–26-ஆம் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த கொள்முதல் விலை இதுவே. உழவு, விதை, நடவு, களை, உரம், அறுவடை ஆகியவற்றிற்கு 28,000 ரூபாய் செலவு எனக் கொண்டால் ஏக்கருக்கு மிகுதி 22,000. மூன்று ஏக்கருக்கு 66,000 ரூபாய்.

நெல் ஒன்றையே நம்பி 3,12,000 ரூபாய் சம்பாதிக்க வேண்டுமாயின், இக்கணக்குப்படி பதினான்கு ஏக்கருக்கு மேல் வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பட்டாதாரின் சராசரி நிலமோ 2015–16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பெரும்பாலான குடும்பங்கள் நெல்லை மட்டும் கொண்டு சௌகரியமாய் வாழ இயலாது என்பது இதனால் விளங்கும். இது அவர்களுடைய சோம்பலாலோ அறியாமையாலோ வந்த குறையன்று. நிலத்தின் அளவால் வந்தது.

குத்தகைக்காரரின் நிலைமை இன்னும் கடினம். விளைவில் கால் பங்கு குத்தகையாகச் செலுத்துவோருக்கு 22,000 ரூபாயில் 12,500 கழிந்து ஏக்கருக்கு 9,500 ரூபாயே மிஞ்சும்.

குறையை நிரப்பும் வழிகள்

முதலாவது, நெல்லறுத்த வயலைத் தரிசாக விடாமை. தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக, வயலில் ஈரம் தக்க அளவில் இருக்கும்போதே உளுந்தையோ பயறையோ விதைத்துவிடுவது இப்பக்கத்து வழக்கம். மிகுந்த ஈரமும் பனியுமே அதற்குப் போதுமானவை. ஏக்கருக்கு இரண்டரைக் குவிண்டால் கிடைத்து, குவிண்டால் 7,000 ரூபாய்க்கு விற்று, செலவு 5,500 போனால் மிகுதி 12,000. மூன்று ஏக்கருக்கு 36,000. மேலும் பயறு வகைகளின் வேர் முண்டுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதால் அடுத்த பயிருக்கும் நன்மையுண்டு.

இரண்டாவது, கறவை மாடு. வைக்கோல் சொந்த வயலில் கிடைக்கும் குடும்பம் இரண்டு மாடுகளால் செலவு போக வருஷத்திற்கு 60,000 ரூபாய் பெறுவதாகக் கொள்க. நெல் பணம் வருஷத்திற்கு ஒருமுறை வருவது. பால் பணமோ வாரந்தோறும் வருவது. மாதச் செலவுக்குக் கைம்மாற்று வாங்காமலிருக்க இது பேருதவி செய்யும்.

இம்மூன்றும் சேர்ந்து 1,62,000 ரூபாய். 2019 முதல் மத்திய அரசு வழங்கிவரும் வருஷம் 6,000 ரூபாய் உதவியும், தகுதியுள்ள மகளிருக்கு 2023 செப்டம்பர் முதல் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் வீதம் வழங்கும் உரிமைத் தொகையும் கிடைக்குமாயின் மேலும் 18,000 சேரும். ஆக 1,80,000. குறைவது 1,32,000, மாதத்திற்கு 11,000 ரூபாய். இத்தொகை நிலத்திற்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். குடும்பத்தில் ஒருவர் கூலியாகவோ, சம்பளமாகவோ, சிறு வியாபாரத்தாலோ இதனை ஈட்டினாலன்றிக் கணக்கு நேராகாது.

இது கடலூர், சிதம்பரத்திற்கு மட்டும் உரிய நிலைமையன்று. 2018–19-இல் நாடெங்கும் நடந்த ஆய்வில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாயெனத் தெரியவந்தது. அதில் பயிரால் வந்தது 3,798 ரூபாய். கூலி, சம்பளத்தால் வந்ததோ 4,063 ரூபாய். பெயரளவில் விவசாயக் குடும்பமாயிருப்பினும், பயிரைவிடக் கூலியே மிகுதியாகச் சோறு போட்டிருக்கிறது.

இருவேல்பட்டு காட்டும் பாடம்

இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்ததென்பதற்குப் பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே ஒரு சான்றுண்டு. சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு 1916 முதல் சில கிராமங்களை ஆராய்ந்து, 1918-இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் இருவேல்பட்டும் ஒன்று. 1936–37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் மேற்பார்வையில் அவ்வூர் மறுமுறை ஆராயப்பட்டது; 1980-களிலும் 2008-இலும் மீண்டும் ஆராயப்பட்டது. முதல் ஆய்வின்போது ஊரின் வாழ்வு முழுவதும் நிலத்தையும், நிலம் மிகுதியாய் உடைய பெருங்குடும்பத்தையும் சார்ந்திருந்தது. கடைசி ஆய்வில் நிலத்திற்கு வெளியே வேலை தேடிக்கொண்ட குடும்பங்கள் பெருகியிருந்தன. பெருநிலக்காரரின் ஆதிக்கமும் தளர்ந்திருந்தது. வெளி வருமானம் பணத்தோடு சுதந்திரத்தையும் கொண்டுவந்தது என்பது இதனால் அறியத்தக்கது.

வட்டியும் இயற்கைச் சேதமும்

வரவு போதுமாயிருந்தும் குடும்பம் நொடிப்பதற்குக் காரணங்கள் இரண்டு. வட்டி ஒன்று. மூன்று ஏக்கர் சம்பாவிற்கு ஆகும் 84,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் ஆறு மாதத்திற்கு வாங்கினால் வட்டி மட்டும் 15,120 ரூபாய். மிகுதியான 66,000 ரூபாயில் ஏறக்குறைய கால் பங்கு இவ்வாறு போய்விடும். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்றுக் கெடுவுக்குள் திருப்புவோருக்குத் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. தவணை தவறாமையே இங்கு ஒரு வருமானம் என்பதை உணர வேண்டும்.

மற்றொன்று இயற்கைச் சேதம். இக்கரையோரத்தார் இதனை நன்கு அறிவர். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. 2015-ஆம் ஆண்டு இறுதியில் பெருவெள்ளம் வயல்களை மூழ்கடித்தது. நெல் போனால் ஒரு போகம் போகும். மரம் போனாலோ பல வருஷ வருமானம் போகும்.

மேற்கண்ட கணக்கில் நிதியாக 4,000 ரூபாய் ஒதுக்கியதன் காரணம் இதுவே. உணவு, எரிபொருள், கல்வி, வைத்தியம் ஆகிய தவிர்க்கமுடியாத செலவுகள் மாதம் 15,600 ரூபாய். ஆறு மாதத்திற்கு 93,600. மாதம் 4,000 வீதம் இரண்டு வருஷம் சேர்த்தால் 96,000 ரூபாயாகி, அவ்வாறு மாதத்தையும் கடனின்றிக் கடக்கலாம். இத்துடன் 2016 முதல் நடைமுறையிலுள்ள பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குறித்த தேதிக்குள் சேர்ந்துகொள்வது அவசியம். தாழ்ந்த வயல்களில் வெள்ளத்தைச் சில நாள் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகத்தைப் பயிரிடுவதும் ஒருவகைக் காப்பீடே.

செய்யத்தக்கது

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குறிப்புப் புத்தகங்கள் இருக்க வேண்டும்; ஒன்று வயலுக்கு, மற்றொன்று வீட்டுக்கு. இரண்டையும் ஒன்றாய்க் கலந்துவிட்டால், பயிர்க்கடன் கல்யாணத்திற்குப் போவதும் வீட்டு நகை உரத்திற்குப் போவதும் தெரியாமலே நடந்துவிடும். வீட்டாரின் உழைப்புக்கும் கூலி எழுதிப் பார்த்தல் நலம். எந்தப் பயிர் உண்மையில் இலாபம் தருகிறது, எது வீட்டாரின் உழைப்பை விலையின்றி விழுங்குகிறது என்பது அப்போதுதான் புலப்படும். கணக்கு எழுதும் பொறுப்பைப் பள்ளியிற் படிக்கும் பிள்ளைக்குக் கொடுத்தால் அதற்கும் கல்வியாகும்.

சித்திரையில் உளுந்துப் பணம் கைக்கு வந்தபின், அடுத்த சித்திரை வரையில் வேண்டிய தொகையை மேற்கண்ட ஒன்பது தலைப்புக்களில் எழுதி, எதிர்பார்க்கும் வரவை எதிரே எழுதுக. குறைவது எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துவிடும். குறையை ஆடி மாதத்தில் கடன்காரரின் வாசலில் அறிவதைவிடச் சித்திரையில் தன் வீட்டுத் திண்ணையில் அறிவது மேல். உழக்கு மிஞ்சாவிடினும், அது எங்கே போயிற்று என்பதை அறிந்த குடியானவர் மறுவருஷம் அதனை மிஞ்சச்செய்ய வழி காண்பார்.