ஈர்ப்பு என்னும் ஒரு சொல்லும் இரு விசைகளும்

தமிழில் அறிவியல் கருத்துகளை விளக்க முற்படும் ஆசிரியர் பலர் ஒரு வினாவை எதிர்கொண்டிருப்பர். மண் மாங்காயை ஈர்க்கின்றது. காந்தம் இரும்பை ஈர்க்கின்றது. எனில் இரண்டும் ஒரே விசையாக இருத்தல் கூடாதா? ஆங்கிலத்தில் முதல் விசையின் பெயர் கனத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும், இரண்டாவதன் பெயர் மக்னீசியா என்னும் கிரேக்க நிலப்பகுதியினின்றும் பிறந்தவை. தமிழிலோ புவியீர்ப்பு, காந்த ஈர்ப்பு என இரண்டிடத்தும் ஈர்ப்பே வருமொழியாக நிற்கின்றது. சிங்கப்பூரில் அறிவியல் பாடம் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், மாணவர்க்கு இச்சொற்கள் பெரும்பாலும் தமிழ் வகுப்பிலேயே அறிமுகமாகின்றன. ஆகவே விடையளிக்கும் பொறுப்பும் தமிழாசிரியரையே சாருகின்றது.

காந்தம் என்னும் சொல்லுக்குத் தமிழ் மரபில் நெடிய வாழ்வு உண்டு. சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பா, உயிருக்கும் இறையருளுக்கும் உள்ள தொடர்பைக் காந்தத்தையும் இரும்பையும் கொண்டே உணர்த்துகின்றது. நம் காலத்தில் வேதாத்திரி மகரிஷி (1911–2006) வான்காந்தம், சீவகாந்தம் என அச்சொல்லைப் பேரண்டம் முழுவதையும் தழுவுமாறு விரித்தார். இவை மெய்யியல் வழக்குகள். அவற்றிற்குரிய களம் வேறு. ஆயினும் அவ்வழக்கில் பழகிய வாசகர் இயற்பியல் நூலிலும் அப்பொருளையே தேடுவது இயல்பு. வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது என்பது நம் கருத்து.

உண்மையில் அறிவியல் வரலாறே இவ்வினாவின் வழியாக நடந்து வந்துள்ளது. 1600-இல் வில்லியம் கில்பர்ட் புவியே ஒரு பெருங்காந்தம் என்றார். அதனை ஏற்ற கெப்ளர், 1609-இல் வெளியிட்ட நூலில், கோள்களைச் செலுத்தும் கதிரவனின் ஆற்றலைக் காந்தத்தோடு ஒப்பிட்டு விளக்கினார். 1687-இல் நியூட்டனே இரண்டையும் பிரித்தார். ஒரு பொருளின் எடை அதிலுள்ள பருப்பொருளின் அளவைப் பொறுத்தது. காந்தம் இழுக்கும் வலிமை அவ்வாறன்று என்பது அவர் காட்டிய காரணம்.

இக்காரணத்தை உணரச் சிராங்கூன் சாலை நகைக்கடையொன்றின் தராசே போதும். தங்கச் சங்கிலியைத் தட்டில் இட்டால் புவி அதனை இழுக்கின்றது. தராசு எடை காட்டுகின்றது. அதே சங்கிலியின் அருகே காந்தத்தைக் கொண்டு சென்றால் அசைவில்லை. அசைந்தால் கடைக்காரர் ஐயுறுவார். உள்ளே இரும்பு கலந்திருக்கலாம். புவியீர்ப்பு பொன்னென்றும் இரும்பென்றும் பார்ப்பதில்லை, காந்தம் பார்க்கின்றது. மேலும் காந்தத்தின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. புவியீர்ப்பில் விலக்கல் என்பதே கண்டறியப்படவில்லை.

இதனினும் வலிய சான்று சிங்கப்பூரின் இருப்பிடத்திலேயே உள்ளது. 1841 முதல் 1845 வரை கிழக்கிந்தியக் கும்பினியார் இங்கு ஒரு காந்த ஆய்வுக்கூடம் நடத்தினர். அதன் பொறுப்பாளர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சி. எம். எலியட். சென்னை, பம்பாய், சிம்லா ஆகிய இடங்களிலும் இத்தகைய கூடங்கள் அக்காலத்தில் இயங்கின. தடையின்றித் தொங்கும் காந்த ஊசி கிடைமட்டத்தினின்று எவ்வளவு சாய்கின்றது என்பதும் அவர்கள் அளந்தவற்றுள் ஒன்று. ஊசி சிறிதும் சாயாத இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு எனப்படும். அது தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கின்றது. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்ததன் காரணமும் அதுவே. சென்னை அக்கோட்டிற்கு வடக்கே உள்ளது, சிங்கப்பூர் தெற்கே. எனவே சென்னையில் தலை தாழ்த்தும் ஊசியின் வடமுனை, சிங்கப்பூரில் பத்துப் பாகைக்கு மேல் தலை நிமிர்கின்றது.

புவியீர்ப்பு இப்பயணத்தில் என்னாகின்றது? அதன் முடுக்கம் சென்னையில் வினாடி வர்க்கத்திற்கு ஏறத்தாழ 9.783 மீட்டர், சிங்கப்பூரில் 9.781 மீட்டர். ஒரு கிலோ தங்கத்திற்குக் கால் கிராம்கூட வேறுபடாது. (விசையை அளக்கும் மின்னணுத் தராசைப் பயன்படுத்தும் இடத்திலேயே சரிபார்ப்பது இச்சிறு வேறுபாட்டின் பொருட்டே.) அவ்வேறுபாட்டிற்குக் காரணம் புவியின் சுழற்சியும் நடுப்பகுதிப் புடைப்பும், காந்த நடுக்கோட்டிற்கு இதில் பங்கில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, சிங்கப்பூரில் தூக்குக்குண்டு நேர்கீழே காட்டுகின்றது. காந்த ஊசியோ ஏறத்தாழக் கிடையாக வடக்கு நோக்கி நிற்கின்றது. ஒரே இடத்தில் ஒரே விசை, ஏறக்குறையச் செங்குத்தான இரு திசைகளைக் காட்டுவது எங்ஙனம்?

எலியட் தம் தென்கிழக்காசியத் தீவுகளின் காந்த அளவீட்டை இலண்டன் அரச கழகத்தின் 1851-ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியிட்டார். அதே தொகுதியில் மைக்கேல் ஃபாரடேயின் ஒரு கட்டுரையும் உள்ளது. மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள உறவை 1831-இல் மெய்ப்பித்த அவர், புவியீர்ப்பும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததாகலாம் என நம்பினார். கம்பிச் சுருள்களோடு பொருள்களை விழச் செய்து மின்னோட்டம் எழுகின்றதா எனத் தேடினார், எழவில்லை. 1859-இல் உயர்ந்த கோபுரமொன்றிலிருந்து கனத்த ஈயக்கட்டிகளைக் கொண்டு மீண்டும் முயன்றார், அப்போதும் இல்லை. தோல்வியை மறைக்காமல் அச்சேற்றிய அக்கட்டுரையை ஆய்வுமாணவர் அனைவரும் படித்தல் நன்று.

ஃபாரடேயின் கனவு முற்றிலும் பொய்க்கவில்லை. மின்காந்தமும் அணுக்கருவின் வலுவற்ற விசையும் ஒரே மூலத்தின் இரு தோற்றங்கள் என்னும் கோட்பாட்டிற்காக அப்துஸ் சலாம், கிளாஷோ, வைன்பெர்க் ஆகிய மூவரும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர். புவியீர்ப்பு மட்டும் இன்னும் அவ்வரிசையில் இணையவில்லை. எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையிலான ஈர்ப்பு விசை, அவற்றிடையே உள்ள மின்விசையினும் ஏறத்தாழ 10-இன் 39-ஆம் அடுக்கு மடங்கு வலிமை குன்றியது. ஆகவே மாணவர்க்குரிய விடை இதுவாகும்: இரண்டும் ஒரே விசை அல்ல, இரண்டிற்கும் பொதுவான வேர் உண்டா என்பது இன்றும் திறந்திருக்கும் வினா.

வகுப்பறையில் காந்த ஈர்ப்பு என்பதைத் தவிர்த்துக் காந்தவிசை எனலாம். விலக்கலும் அச்சொல்லுள் அடங்கும். செய்து காட்ட விழைவோர், காந்தமேற்றாத தையல் ஊசியொன்றை அதன் நடுவில் நூலால் கட்டிச் சமனாகத் தொங்கவிடலாம். பின்னர் அதன்மேல் காந்தத்தை ஒரே திசையில் பலமுறை தேய்த்துத் திரும்பத் தொங்கவிட்டால், ஊசி வடக்கு தெற்காகத் திரும்பும். முடிச்சு நழுவாதிருப்பின் வடமுனை சற்றே மேலெழவும் கூடும். இராபர்ட் நார்மன் 1581-இல் வெளியிட்ட நூலில், காந்தமேற்றுவதற்கு முன்னும் பின்னும் இரும்பை நிறுத்துப் பார்த்ததாக எழுதினார். எடை மாறவில்லை.