பொன்னம்பெருமவின் கொழுப்பமிலங்கள்

கண்டி நகரை விட்டு ஹந்தானை மலைச்சரிவில் ஏறும் வழியில் இருக்கிறது தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். 1981ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் உருவான இந்நிறுவகத்தின் முதற் பணிப்பாளர் சந்திரா விக்கிரமசிங்க. உயிர் விண்வெளியிலிருந்து வந்திறங்கியது என்பவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற சிறில் பொன்னம்பெருமவோ, உயிரற்ற இரசாயனத்திலிருந்து இந்தப் பூமியிலேயே உயிர் உருவானது என்பதற்குச் சான்று தேடியே வாழ்நாளைக் கழித்தவர். ஒரே கதிரையில் அடுத்தடுத்து இப்படி இருவர் அமர்ந்தது வேடிக்கைதான்.

1923இல் காலியில் பிறந்த பொன்னம்பெரும, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தது தத்துவம். பிறகு லண்டனில் விஞ்ஞானி பேர்னலிடம் இரசாயனம், பேர்க்லியில் மெல்வின் கல்வினிடம் கலாநிதிப் பட்டம், நாசாவில் வேலை. மெதேன், அமோனியா, நீர் கலந்த கலவையில் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சி, மரபுப் பொருளின் உறுப்பான அடினினைப் பெற்றது 1963இல். அதே ஆண்டு, கார்ல் சேகனோடு சேர்ந்து, புறஊதாக் கதிரின் உதவியால், கலங்களுக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யையும் ஆக்கிக் காட்டினார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை, மறு ஆண்டு அவருடைய குழு அறிவித்தது. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான அவற்றின் இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. பூமியின் உயிர்கள் புரதத்துக்குப் பெரும்பாலும் இடக்கை வடிவத்தையே எடுப்பதால், தொட்டவர் கையிலிருந்து ஒட்டிய அழுக்கு இதுவல்ல என்று சொல்ல முடிந்தது.

இவற்றையெல்லாம் பத்திரிகைகள் கொண்டாடின. என் கண்ணுக்குப் படுவது, 1967இல் அலன் என்பவரோடு அவர் எழுதிய, அதிகம் பேசப்படாத சிறு கட்டுரை. மெதேனும் நீரும் உள்ள பாத்திரத்தில் மின்னிறக்கம் செய்தபோது கொழுப்பமில வகையைச் சேர்ந்த காபொட்சிலிக் அமிலங்கள் கிடைத்தன என்கிறது அது.

அடினினும் அமினோ அமிலமும் எவ்வளவு உருவானாலும், சுற்றி ஒரு வேலி இல்லாவிட்டால் கடலில் கரைந்து பிரிந்துவிடும். அந்த வேலிதான் கலமென்சவ்வு; அதைக் கட்டும் இலிப்பிட்டு என்ற கொழுப்புப் பொருள்களின் எளிய உறவினர்கள்தான் கொழுப்பமிலங்கள். 1925இல் ஒல்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டரும் கிரெண்டலும் செங்குருதிக் கலங்களின் இலிப்பிட்டைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் பரப்பினார்கள். கலங்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு இடத்தை அது பிடித்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்கு என்றார்கள். உண்மையில் அவர்கள் இலிப்பிட்டை முழுவதும் எடுக்கவில்லை, கலத்தின் பரப்பையும் குறைத்தே கணித்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்தது!

இந்தச் சுவரைக் கட்டுவதற்குக் கொத்தனார் தேவையில்லை. இலிப்பிட்டு மூலக்கூறின் தலை நீரை விரும்பும், வால் வெறுக்கும். நீரில் விட்டால் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, சுமார் 5 நனோமீற்றர் தடிப்பில் ஈரடுக்கு தானாகவே அமைகிறது. திண்மமும் இல்லை, சாதாரண திரவமும் இல்லை: மூலக்கூறுகள் தம் அடுக்குக்குள் ஓடித் திரியும், அடுத்த அடுக்குக்கு இலேசில் தாவாது. இத்தகைய இடைநிலைப் பொருள்களை ஆராயும் மென்பொருண்மை ஆய்வாளர்களை இது இன்றுவரை விடாமல் இழுப்பது அதனால்தான். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பங்கம் இப்படி உருவாகும் நுண்பைகளை ஆராய்ந்தார். இன்று மருந்தேற்றிப் பயன்படும் லிப்போசோம்களின் தொடக்கம் அது.

1985இல் ஆய்வாளர் டேவிட் டீமர் அதே மேர்ச்சிசன் கல்லை எடுத்தார். தூளாக்கி, கரைப்பானால் அதன் சேதனப் பொருள்களைப் பிரித்து, உலரவிட்டு நீர் சேர்த்துப் பார்த்தால், நுணுக்குக்காட்டியின் கீழ் சவ்வு சூழ்ந்த சிறு குமிழ்கள். பொன்னம்பெருமவின் குழு உள்ளே இருக்கவேண்டிய சரக்கைக் கண்ட கல்லிலேயே, அதை அடைக்கும் உறையும் இருந்திருக்கிறது.

ஆனால் கொழுப்பமிலச் சவ்வு நோஞ்சான். கொழுப்பமிலத்தின் சோடிய உப்புத்தானே சவர்க்காரம்; யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் குளித்தவர்களுக்கு அது நுரைக்காமல் வெள்ளையாகத் திரள்வது தெரியும். சுண்ணக்கல்லிலிருந்து வரும் கல்சியம் செய்கிற வேலை அது. கல்சியமும் மக்னீசியமும் நிறைந்த கடல்நீரிலும் இதே கதிதான். வெந்நீரூற்று நீரில் குமிழ்கள் உருவாகின்றன, கடல்நீரில் உருவாவதில்லை என்று டீமரும் சகாக்களும் 2018இல் காட்டினார்கள். உயிர் கடலில்தான் தொடங்கியது என்று பாடப் புத்தகத்தில் படித்த நமக்கு இது கொஞ்சம் இடறும்.

சரக்குக்கும் உறைக்கும் இடையில் இன்னொரு பிணக்கும் உண்டு. மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. தன்னைப் பிரதிசெய்ய மக்னீசியம் வேண்டும். சவ்வுக்கோ அது நஞ்சு. 2013இல் ஆய்வாளர்கள் அடமாலாவும் சொஸ்டாக்கும், மக்னீசியத்தைப் பற்றிக்கொள்ளும் சித்திரேற்றைச் சேர்த்து இருவரையும் ஒரே குமிழுக்குள் இணக்கமாக வாழவைத்தார்கள். உயிருக்கு முந்திய குட்டையில் அவ்வளவு சித்திரேற்று எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்குத்தான் இன்னும் விடை இல்லை.